மென்பொருள் பேக்கேஜ்களை சர்வரில் எங்கே, எப்படி வைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முப்பது கணினி இருந்தாலும் மூவாயிரம் இருந்தாலும், அவற்றில் ஏற்ற வேண்டிய மென்பொருளின் இன்ஸ்டாலர் ஏதோ ஒரு சர்வரில், ஏதோ ஒரு ஃபோல்டரில் கிடக்கும். அந்த இடத்தைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. சர்வரை மாற்றும் நாள் வரும்போது எல்லோரும் ஒரே நேரத்தில் யோசிக்கிறார்கள். குரூப் பாலிசி, கான்ஃபிகரேஷன் மேனேஜர் (பழைய ஆட்களுக்கு எஸ்சிசிஎம்) என்று ஒரே இடத்திலிருந்து எல்லாக் கணினிக்கும் மென்பொருள் அனுப்ப மைக்ரோசாஃப்ட் தரும் இரண்டு வழிகளையும் வைத்துப் பேக்கேஜ் அனுப்புகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பெரும்பாலும் விண்டோஸ் பற்றித்தான். லினக்ஸுக்குக் கடைசியில் ஒரு பத்தி.

கே: இன்ஸ்டால் ஆனதும் வேலை முடிந்ததுதானே? அப்புறம் பேக்கேஜ் எங்கே இருந்தால் என்ன?

இந்த ஒரு தப்பான எண்ணத்தில்தான் பாதி சிக்கல் தொடங்குகிறது. எம்எஸ்ஐ வகை (விண்டோஸின் வழக்கமான இன்ஸ்டால் கோப்பு) பேக்கேஜை ஒரு கணினியில் ஏற்றினால், எந்தப் பாதையிலிருந்து ஏற்றப்பட்டது என்பதை விண்டோஸ் இன்ஸ்டாலர் ரெஜிஸ்ட்ரியில் ‘சோர்ஸ் லிஸ்ட்’ என்ற பெயரில் எழுதி வைத்துக்கொள்ளும். பிற்பாடு ரிப்பேர் ஓடும்போதோ, விட்டுப்போன ஒரு பாகத்தைச் சேர்க்கும்போதோ, சில பேட்ச்களைப் போடும்போதோ அந்தப் பாதையைத் தேடிக்கொண்டு போகும். எம்எஸ்ஐ கோப்பின் ஒரு நகல் சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ‘இன்ஸ்டாலர்’ என்ற மறைந்த ஃபோல்டரில் இருக்கும் என்பது உண்மைதான், ஆனால் பேக்கேஜின் உள்ளடக்கம் தனித்தனி கேப் (சுருக்கிக் கட்டிய) கோப்புகளாக வெளியே இருந்தால் அந்த நகல் மட்டும் போதாது, மூல இடம் வேண்டும். (இடம் பிடிக்கிறதே என்று அந்த ‘இன்ஸ்டாலர்’ ஃபோல்டரைக் காலி செய்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள், அதற்குப் பிறகு அன்இன்ஸ்டால்கூட ஒழுங்காக நடக்காது.)

நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் பழைய ஃபைல் சர்வரை ஒரு வெள்ளிக்கிழமை மாலை அணைத்தோம். இரண்டு மாதம் ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் கணக்குப் பிரிவில் ஒருவர் கூப்பிட்டார். விரிதாளைத் திறந்தால் சின்னதாக ஒரு பெட்டி வருகிறது, ‘நீங்கள் தேடும் அம்சம் இப்போது கிடைக்காத நெட்வொர்க் இடத்தில் இருக்கிறது’ என்கிற மாதிரி. கீழே ஒரு நீளமான வெள்ளைக் கட்டம், அதற்குள் நாங்கள் அணைத்துவிட்ட சர்வரின் பெயர். சரி என்றாலும் திரும்ப வருகிறது, கேன்சல் என்றாலும் திரும்ப வருகிறது. லாகில் பார்த்தால் 1706. மூலம் கிடைக்கவில்லை என்று அர்த்தம். இதே குடும்பத்தில் 1612-ம் உண்டு. அன்றைக்கு மட்டும் அதே பிரச்சினையோடு பதினோரு அழைப்பு. சர்வரை நாங்கள் மறந்துவிட்டோம், கணினிகள் மறக்கவில்லை.

கே: அப்படியானால் பாதையை எப்படித்தான் கொடுப்பது?

சர்வரின் உண்மையான பெயரைப் பாதையில் கொடுக்காதீர்கள். இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

பேக்கேஜ் இருக்கும் இடம் வேறு, அந்த இடத்துக்கு நாம் வைக்கும் பெயர் வேறு. \\ஃபைல்சர்வர்03\ஆப்ஸ் என்று கொடுத்தால் மூன்றாம் சர்வரின் ஆயுள் வரைக்கும்தான் அந்தப் பாதைக்கும் ஆயுள். டொமைன் (உங்கள் கணினிகளும் பயனர்களும் பதிந்திருக்கும் விண்டோஸ் நெட்வொர்க்) பெயரில் ஒரு டிஎஃப்எஸ் நேம்ஸ்பேஸ், அதாவது எந்த சர்வரையும் சாராத பொதுப் பாதை, உருவாக்கி \\டொமைன்\மென்பொருள்\பேக்கேஜ் என்று கொடுத்தால், அதன் பின்னால் எந்த சர்வர் நிற்கிறது என்பதை நீங்கள் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், கணினிக்குத் தெரியவே வேண்டாம். ஒரே பெயருக்குப் பின்னால் இரண்டு மூன்று சர்வர்களையும் நிறுத்தலாம். தன் ஆக்டிவ் டைரக்டரி (டொமைனின் பதிவேடு) சைட்டில், அதாவது தன் அலுவலக இடத்தில், இருக்கும் சர்வருக்குக் கணினி முதலில் போகும்.

அந்தக் கடைசி வரியில் ஒரு பொறி இருக்கிறது. எந்த ஐபி சப்நெட் எந்த சைட்டைச் சேர்ந்தது என்று நீங்கள் பதிந்து வைத்திருந்தால்தான் அது ஒழுங்காக நடக்கும். புதிதாகத் திறந்த கிளைக்கு சப்நெட் பதியாமல் விட்டால், பக்கத்திலேயே சர்வர் இருக்க, அந்தக் கணினிகள் மெதுவான லைனைத் தாண்டித் தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு ஜிபி இழுத்துக்கொண்டிருக்கும். ‘டிஎஃப்எஸ் சரியில்லை’ என்று வரும் புகார்களில் பாதி இதுதான்.

கே: எங்களுடையது சின்ன இடம், ஒரே சர்வர். டிஎஃப்எஸ் எல்லாம் தேவையா?

தேவை. ஒரே சர்வர் இருக்கும்போது போட்டு வைப்பதுதான் சுலபம். அரை மணி நேர வேலை. நேம்ஸ்பேஸை அந்த ஒரே சர்வரிலேயே வைக்கலாம், டொமைன் சார்ந்த நேம்ஸ்பேஸ் என்றால் பின்னால் இன்னொரு சர்வரைச் சேர்த்துவிட்டு முதலாவதைக் கழற்றிவிடலாம்.

டிஎன்எஸ்ஸில் ஒரு சி-நேம் (சர்வருக்கு மாற்றுப்பெயர்) போட்டால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். போடலாம், ஆனால் எஸ்எம்பி ஷேருக்கு (விண்டோஸ் நெட்வொர்க் ஃபோல்டர்) மாற்றுப்பெயரில் போனால் கெர்பரோஸ் என்ற அடையாளச் சோதனைக்கு அந்தப் பெயருக்கான எஸ்பிஎன் பதிவு வேண்டும், இல்லாவிட்டால் பழைய முறையான என்டிஎல்எம்முக்கு இறங்கிவிடும். என்டிஎல்எம்மை மூடி வைத்திருக்கும் இடத்தில் கதவே திறக்காது. சி-நேமை விட ‘நெட்டாம்’ கட்டளையால் சர்வருக்கே கூடுதல் பெயர் சேர்ப்பது மேல். இருந்தாலும் என் ஓட்டு டிஎஃப்எஸ்ஸுக்குத்தான்.

கே: இசட் டிரைவ் என்று மேப் செய்து வைத்திருக்கிறேன், என் கணினியில் கையால் ஓட்டினால் ஓடுகிறது. பாலிசி வழியாகப் போனால் 1619 என்று வருகிறது. ஏன்?

1619 என்றால் பேக்கேஜைத் திறக்க முடியவில்லை. அது கெட்டுப்போயிருக்கும் என்று எல்லோரும் திரும்ப டவுன்லோட் செய்கிறார்கள். பேக்கேஜ் நன்றாகத்தான் இருக்கும், பாதைதான் இல்லை.

டிரைவ் எழுத்து என்பது லாகின் செய்த பயனருக்குச் சொந்தம், கணினிக்குச் சொந்தமில்லை. பாலிசியோ கான்ஃபிகரேஷன் மேனேஜரோ இன்ஸ்டால் செய்யும்போது அது லோக்கல் சிஸ்டம் என்ற கணக்கில் ஓடுகிறது. அந்தக் கணக்குக்கு உங்கள் இசட் டிரைவும் தெரியாது, நீங்கள் யார் என்றும் தெரியாது. எப்போதும் இரண்டு பின்சாய்வுக்கோட்டில் தொடங்கும் முழு யுஎன்சி பாதையைக் கொடுங்கள். குரூப் பாலிசியில் பேக்கேஜைச் சேர்க்கும்போது பிரவுஸ் செய்து சி டிரைவ் வழியாகத் தேர்ந்தெடுப்பதும் இதே தப்புதான்: சர்வரின் சி டிரைவ் அது, ஒவ்வொரு கணினியும் தன் சொந்த சி டிரைவில் போய்த் தேடும்.

கே: ஷேருக்கு யாருக்கு என்ன அனுமதி?

மேலே சொன்னதன் தொடர்ச்சிதான். லோக்கல் சிஸ்டம் நெட்வொர்க்கில் வெளியே போகும்போது கணினியின் டொமைன் கணக்காகப் போகிறது, அதாவது பெயருக்குப் பின்னால் டாலர் குறி ஒட்டியிருக்கும் அந்தக் கணக்கு. ஆகவே அனுமதி கொடுக்க வேண்டியது ‘டொமைன் கம்ப்யூட்டர்ஸ்’ குழுவுக்கு. படிக்கவும் ஓட்டவும் மட்டும். பயனர்களுக்கு மட்டும் அனுமதி கொடுத்துவிட்டு, ‘என் லாகினில் திறக்கிறதே’ என்று சோதித்துப் பார்த்துத் திருப்தி அடைந்தவர்கள் எத்தனையோ பேர். நானும் அதில் ஒருவன்.

ஷேர் அனுமதி, என்டிஎஃப்எஸ் அனுமதி (டிஸ்க்கில் அந்த ஃபோல்டருக்கே உள்ளது) என்று இரண்டு அடுக்கு இருக்கிறது, இரண்டில் எது இறுக்கமோ அதுதான் செல்லும். இரண்டிலும் நுணுக்கம் காட்டினால் ஆறு மாதம் கழித்து உங்களுக்கே புரியாது. ஷேர் மட்டத்தில் ‘ஆதென்டிகேட்டட் யூசர்ஸ்’ குழுவுக்குப் படிக்கும் அனுமதி, நிர்வாகக் குழுவுக்கு முழு அனுமதி என்று வைத்துவிட்டு, மற்ற நுணுக்கத்தையெல்லாம் என்டிஎஃப்எஸ்ஸில் செய்யுங்கள். கணினிக் கணக்குகளும் ஆதென்டிகேட்டட் யூசர்ஸுக்குள் அடங்கும் என்பதால் ஷேர் மட்டத்தில் தனியாக எதுவும் தேவையில்லை.

கான்ஃபிகரேஷன் மேனேஜர் என்றால் கதை கொஞ்சம் வேறு. அங்கே மூல ஃபோல்டரைப் படிக்க வேண்டியது சைட் சர்வரின் (கான்ஃபிகரேஷன் மேனேஜர் ஓடும் முதன்மை சர்வர்) கணினிக் கணக்கு மட்டும்தான். மற்ற கணினிகள் பேக்கேஜின் நகலை வைத்து விநியோகிக்கும் டிஸ்ட்ரிபியூஷன் பாயின்ட் சர்வரிலிருந்துதான் எடுக்கின்றன, மூலத்தை அவை பார்ப்பதே இல்லை. அதனால் மூல ஷேரை எல்லோருக்கும் திறந்து வைக்க ஒரு காரணமும் கிடையாது.

கே: டொமைன் கன்ட்ரோலர்கள் (டொமைனை நடத்தும் சர்வர்கள்) தங்களுக்குள் நகலெடுத்துக்கொள்ளும் சிஸ்வால் ஃபோல்டரில் போட்டுவிட்டால் எல்லா டொமைன் கன்ட்ரோலருக்கும் தானாகவே போய்விடுமே?

போய்விடும், அதுதான் பிரச்சினை: ஒவ்வொரு பெரிய இன்ஸ்டாலரும், தேவையோ இல்லையோ, எல்லாவற்றுக்கும் நகலாகும். வேண்டாம்.

கே: ஃபோல்டர்களை எப்படி அடுக்குவது?

தயாரிப்பாளர், மென்பொருள், பதிப்பு எண், தேவையானால் 64 பிட்டா 32 பிட்டா. அவ்வளவு போதும். ‘புதியது’, ‘இறுதி’, ‘இறுதி 2’, ‘இதைப் பயன்படுத்தவும்’ என்று ஃபோல்டர் வைக்கிற ஆள் எல்லாக் குழுவிலும் ஒருவர் இருப்பார், அவருக்கு எழுதும் அனுமதி தராதீர்கள். பெயர்களைச் சுருக்கமாக வையுங்கள். விண்டோஸில் பாதையின் வழக்கமான நீள வரம்பு 260 எழுத்து. விண்டோஸ் 10-இன் 1607 பதிப்பிலிருந்து அதைத் தளர்த்த வழி இருந்தாலும், இன்ஸ்டாலர்கள் எல்லாம் அதை மதிக்கும் என்று நம்ப முடியாது. சில பேக்கேஜ்களுக்குள்ளேயே எட்டு அடுக்கு ஃபோல்டர் இருக்கும்.

இதைவிட முக்கியமான ஒன்று: ஒருமுறை அனுப்பிய பதிப்பின் ஃபோல்டருக்குள் புதிய கோப்பைத் திணிக்காதீர்கள். பெயர் ஒன்றுதானே, மேலே போட்டுவிடலாம் என்று தோன்றும். ஒவ்வொரு எம்எஸ்ஐக்குள்ளும் பேக்கேஜ் கோடு என்று ஓர் அடையாள எண் இருக்கிறது. ரிப்பேர் ஓடும்போது விண்டோஸ் இன்ஸ்டாலர் மூலத்தில் உள்ள எம்எஸ்ஐயின் எண்ணைத் தான் முதலில் ஏற்றியதன் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கும். ஒத்துப்போகாவிட்டால் ‘இது என் மூலம் இல்லை’ என்று ஒதுக்கிவிடும். கோப்பு கண்ணெதிரே இருக்கும், பாதை சரியாக இருக்கும், அனுமதி சரியாக இருக்கும், ஆனாலும் மூலம் கிடைக்கவில்லை என்று பிழை வரும். அரை நாள் மண்டையை உடைத்துக்கொள்ள இதைவிட நல்ல வழி இல்லை. புதிய பதிப்பு என்றால் புதிய ஃபோல்டர். டிஸ்க் இடம் மலிவு, உங்கள் ஞாயிற்றுக்கிழமை மலிவில்லை.

ஃபோல்டரில் ஒரு சின்ன எழுத்துக் கோப்பும் போட்டு வையுங்கள்: எங்கிருந்து இறக்கியது, எப்போது, யார், இன்ஸ்டால் கட்டளை என்ன, அந்தக் கோப்பின் ஷா-256 மதிப்பு என்ன. ஐந்து வரிதான், ஆனால் அதை எழுதிய ஆள் வேலையை விட்டுப் போன பிறகும் அது இருக்கும்.

கே: குரூப் பாலிசியில் கொடுத்த பாதையை இப்போது மாற்ற வேண்டும். எங்கே மாற்றுவது?

திரையில் மாற்ற வழி இல்லை. பேக்கேஜைச் சேர்த்த அன்று கொடுத்த பாதை ஆக்டிவ் டைரக்டரியில் அந்த பேக்கேஜின் பதிவில் உட்கார்ந்துவிடுகிறது, எடிட்டரில் அது வெறும் பார்வைக்குத்தான். ஏடிஎஸ்ஐ எடிட் கருவியில் ‘எம்எஸ்ஐ ஃபைல் லிஸ்ட்’ என்ற பண்பைத் தேடி மாற்றுகிறவர்கள் உண்டு. நடக்கிறது, ஆனால் நான் அதைப் பழக்கமாக வைத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன், தவறான பதிவில் கை வைத்தால் திரும்ப எடுப்பது கஷ்டம்.

நேர்மையான வழி பழைய பேக்கேஜை நீக்கிவிட்டுப் புதிய பாதையில் மறுபடி சேர்ப்பதுதான். நீக்கும்போது ஒரு கேள்வி கேட்கும்: எல்லாக் கணினியிலிருந்தும் உடனே அகற்றவா, அல்லது இருப்பவர்களிடம் அப்படியே விட்டுவிட்டு இனி புதிதாக ஏற்றுவதை மட்டும் நிறுத்தவா? படிக்காமல் ஓகே அழுத்தினால் முதலாவதுதான் நடக்கும், திங்கள் காலை எல்லாக் கணினியும் எழும்போதே அந்த மென்பொருளைக் கழற்றிக்கொண்டு எழும். இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். ‘ரீடிப்ளாய்’ என்ற கட்டளையும் பாதையை மாற்றாது, எல்லோரிடமும் மறுபடி இன்ஸ்டால் ஓட்டும், அவ்வளவுதான்.

ஏற்கனவே ஏற்றப்பட்ட கணினிகளின் சோர்ஸ் லிஸ்ட்டில் பழைய பாதை இன்னும் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். அதைத் திருத்தத் தனியாக ஒரு ஸ்கிரிப்ட் வேண்டும். கான்ஃபிகரேஷன் மேனேஜர் வைத்திருப்பவர்கள் டிப்ளாய்மென்ட் டைப்பில் (அப்ளிகேஷனை எப்படி இன்ஸ்டால் செய்வது என்று சொல்லும் பகுதி) எம்எஸ்ஐயின் புராடக்ட் கோடைக் கொடுத்துவைத்தால் அது மூலப் பட்டியலைத் தானே புதுப்பித்துவிடும். இந்த வசதியைப் பலர் கண்டுகொள்வதே இல்லை.

கே: கான்ஃபிகரேஷன் மேனேஜரில் டிஸ்ட்ரிபியூஷன் பாயின்ட்டுக்குப் போய்விட்டதே, மூல ஃபோல்டரை அழித்துவிடலாமா?

கூடாது. இன்றைக்கு ஒன்றும் ஆகாது. நாளைக்கு அந்த அப்ளிகேஷனில் ஒரு எழுத்தை மாற்றி ‘அப்டேட் கன்டென்ட்’ கொடுத்தால் அது மூலத்தைத் தேடும், இல்லையென்று திட்டும்.

மூலம், கன்டென்ட் லைப்ரரி இரண்டையும் குழப்பிக்கொள்வதால் வரும் கேள்வி இது. மூல ஃபோல்டர் உங்களுடையது, நீங்கள் அடுக்கியபடி இருக்கும். டிஸ்ட்ரிபியூஷன் பாயின்ட்டில் இருக்கும் ‘எஸ்சிசிஎம் கன்டென்ட் லிப்’ ஃபோல்டர் மென்பொருளுடையது. அதற்குள் மூன்று பிரிவு: பேக்கேஜ் லிப், டேட்டா லிப், ஃபைல் லிப். முதல் இரண்டிலும் குறிப்புகள்தான் இருக்கும், உண்மையான கோப்புகள் ஃபைல் லிப்பில் அவற்றின் ஹாஷ் மதிப்பைப் பெயராகக் கொண்டு கிடக்கும். ஒரே கோப்பு பத்து பேக்கேஜில் இருந்தாலும் ஒரே நகல்தான். இடம் மிச்சம், நல்ல யோசனைதான். ஆனால் டிஸ்க் நிறைந்த பதற்றத்தில் யாராவது உள்ளே போய்ப் பெரிய கோப்பாகப் பார்த்து அழித்தால், ஒரு பேக்கேஜ் இல்லை, பத்து பேக்கேஜ் ஒரே அடியில் படுத்துவிடும். எது எதுவென்று பெயரை வைத்துக் கண்டுபிடிக்கவும் முடியாது.

எந்த பேக்கேஜுக்கும் சேராமல் அனாதையாகக் கிடப்பவற்றை அகற்ற, கான்ஃபிகரேஷன் மேனேஜரின் 1702 பதிப்பிலிருந்து ‘கன்டென்ட் லைப்ரரி கிளீனப்’ என்று ஒரு கருவியே கூட வருகிறது. சும்மா ஓட்டினால் எதையும் அழிக்காது, எதை அழிப்பேன் என்று அறிக்கை மட்டும் தரும். அழிக்கச் சொல்லித் தனியாக ஸ்விட்ச் கொடுத்தால்தான் அழிக்கும். எல்லாக் கருவியும் இப்படி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

கே: கான்ஃபிகரேஷன் மேனேஜரில், டேட்டாபேஸ் இருக்கிற டிரைவில் போய் பேக்கேஜ் உட்கார்ந்துவிட்டது. யார் அங்கே போடச் சொன்னது?

யாரும் சொல்லவில்லை, தடுக்கவும் இல்லை. நீங்கள் டிரைவைக் குறிப்பிடாமல் ‘ஆட்டோமேட்டிக்’ என்று விட்டால் எதில் காலி இடம் அதிகமோ அதை எடுத்துக்கொள்ளும். டிரைவில் நிரப்பாமல் காலியாக ஒதுக்கி வைக்கும் இடத்தின் இயல்பு மதிப்பு 50 எம்பி, நம்புங்கள், வெறும் ஐம்பது. டிஸ்ட்ரிபியூஷன் பாயின்ட் அமைக்கும்போதே முதன்மை டிரைவ், மாற்று டிரைவ் இரண்டையும் கையால் தேர்ந்தெடுத்து, அந்த ஐம்பதைச் சில ஆயிரங்களாக ஏற்றிவிடுங்கள்.

தொடக்கூடாத டிரைவ்களின் வேரில் ‘நோ_எஸ்எம்எஸ்_ஆன்_டிரைவ்.எஸ்எம்எஸ்’ என்ற பெயரில் ஒரு காலிக் கோப்பு போட்டால் அங்கே எதையும் வைக்காது. குறுஞ்செய்திக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 1994-இல் வந்தபோது இந்த மென்பொருளின் பெயர் சிஸ்டம்ஸ் மேனேஜ்மென்ட் சர்வர், அந்த மூன்றெழுத்து இன்னும் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு விஷயம், இந்தக் கோப்பை டிஸ்ட்ரிபியூஷன் பாயின்ட் நிறுவும் முன்பே போடுங்கள். உட்கார்ந்துவிட்ட பிறகு போட்டால் அது எழுந்து போகாது. நகர்த்த வேண்டுமானால் ‘கன்டென்ட் லைப்ரரி டிரான்ஸ்ஃபர்’ கருவிதான், எக்ஸ்ப்ளோரரில் வெட்டி ஒட்டுவது இல்லை.

கே: கிளைகளுக்கு பேக்கேஜை எப்படி அனுப்புவது? ரோபோகாப்பி போதுமா, டிஎஃப்எஸ் ரெப்ளிகேஷனா?

சின்ன அளவுக்கு, விண்டோஸோடு வரும் நகலெடுக்கும் கட்டளையான ரோபோகாப்பி அருமையானது. எந்த நேரத்தில் எது போகிறது என்று உங்கள் கையில் இருக்கும், லாக் கிடைக்கும். ஆனால் மூன்று விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

ஒன்று, இயல்பாக விட்டால் தோல்வியடைந்த ஒவ்வொரு கோப்பையும் பத்து லட்சம் முறை, முப்பது விநாடி இடைவெளியில் மறுபடி முயலும். கணக்குப் போட்டால் ஒரே கோப்புக்கு 347 நாள். யாரோ திறந்து வைத்திருக்கும் ஒரு கோப்பில் இரவு முழுக்க நின்றுகொண்டிருக்கும். ஆர், டபிள்யூ ஸ்விட்ச்களில் மூன்று முறை, பத்து விநாடி என்று கொடுத்துவிடுங்கள். இரண்டு, லைனை மூச்சுத் திணற விடாமல் இருக்க ஐபிஜி ஸ்விட்ச் உண்டு, ஆனால் பல இழைகளில் ஓட்டும் எம்டி ஸ்விட்சோடு அது சேராது. மூன்றாவதுதான் உயிரை எடுப்பது: எம்ஐஆர். மூலத்தில் இல்லாத எல்லாவற்றையும் போய்ச்சேரும் இடத்திலிருந்து அழிக்கும். மூலப் பாதையில் ஒரு எழுத்துப் பிழை, அங்கே தற்செயலாக ஒரு காலி ஃபோல்டர், அவ்வளவுதான், கிளையின் மொத்த பேக்கேஜ் களஞ்சியமும் துடைக்கப்பட்டுவிடும். எம்ஐஆர் உள்ள எந்தக் கட்டளையையும் முதலில் எல் ஸ்விட்சோடு ஓட்டிப் பாருங்கள், என்ன செய்யப் போகிறது என்று சொல்லும், செய்யாது. நான் இதை ஒருமுறை பட்டுத்தான் கற்றுக்கொண்டேன், நாற்பது ஜிபியை இரவோடு இரவாக மறுபடி அனுப்பி.

டிஎஃப்எஸ் ரெப்ளிகேஷன் (சர்வர்கள் ஃபோல்டரைத் தங்களுக்குள் தானாக ஒத்திசைப்பது) சர்வர் எண்ணிக்கை ஏறும்போது நல்லது, மாறிய பகுதியை மட்டும் அனுப்பும். இயல்பு நிலையில் ஸ்டேஜிங் (அனுப்பும் முன் கோப்புகளைத் தற்காலிகமாக வைக்கும் இடம்) அளவு 4 ஜிபி. பேக்கேஜ் களஞ்சியத்துக்கு அது பத்தாது. அந்த ஃபோல்டரில் உள்ள மிகப் பெரிய 32 கோப்புகளின் மொத்த அளவாவது ஸ்டேஜிங்குக்கு வேண்டும் என்பது மைக்ரோசாஃப்டின் கணக்கு. ஓஎஸ் இமேஜ்களை அங்கே வைத்திருந்தால் அந்த எண் எங்கேயோ போகும். எழுதும் இடம் ஒன்றாகவே இருக்கட்டும். இரண்டு ஊரில் இரண்டு பேர் ஒரே கோப்பை மாற்றினால் கடைசியாக மாற்றியவர் ஜெயிப்பார், மற்றவருக்கு ஒரு எச்சரிக்கைகூட வராது. இன்னொன்று, பாதி வந்து சேர்ந்த நிலையில் கிளைக் கணினி பேக்கேஜை ஓட்ட ஆரம்பித்தால் எம்எஸ்ஐ இருக்கும், கேப் கோப்பு இருக்காது. அதனால் பாலிசியை ஒரு நாள் தாமதித்தே இணையுங்கள்.

கிளையில் சர்வரே இல்லை, பத்துக் கணினிதான் என்றால் பிராஞ்ச்கேஷைப் பாருங்கள். விண்டோஸ் 7 காலத்திலிருந்தே இருக்கிறது. முதல் கணினி இழுத்ததை அதே சப்நெட்டில் உள்ள மற்றவை அதனிடமிருந்து வாங்கிக்கொள்ளும். பத்துக் கணினிக்காக அங்கே ஒரு சர்வர் வாங்கி வைத்துப் பராமரிப்பதை விட இது எவ்வளவோ மேல்.

கே: வெறும் இன்ஸ்டாலர்தானே, அதற்கு எதற்குப் பாதுகாப்பு?

அந்த ஷேரில் எழுத முடிகிற ஒருவர், உங்கள் எல்லாக் கணினியிலும் சிஸ்டம் அதிகாரத்தோடு தான் நினைத்ததை ஓட்ட முடியும். தாக்குகிறவருக்கு ஒவ்வொரு கணினியாக உடைக்கும் வேலையே இல்லை, நீங்களே விநியோகித்துக் கொடுப்பீர்கள். 2017 ஜூனில் நாட்பெட்யா பரவத் தொடங்கியது இதே தத்துவத்தில்தான்: உக்ரைனில் பரவலாகப் பயன்படும் ஒரு கணக்கியல் மென்பொருளின் அப்டேட் சர்வருக்குள் புகுந்து, அப்டேட் என்ற பெயரிலேயே அனுப்பினார்கள். நம்பி வாங்கியவர்கள் எல்லோரும் மாட்டினார்கள்.

எழுதும் அனுமதி இரண்டு மூன்று பேருக்கு மேல் வேண்டாம், அதுவும் அன்றாட லாகினுக்கு இல்லை, தனி நிர்வாகக் கணக்குக்கு. இறக்கிய கோப்பின் டிஜிட்டல் கையொப்பத்தைப் பாருங்கள், பவர்ஷெல்லில் ‘கெட் ஃபைல்ஹாஷ்’ போட்டு மதிப்பைக் குறித்து வையுங்கள். மாதம் ஒருமுறை குறித்ததையும் இருப்பதையும் ஒப்பிட ஒரு ஸ்கிரிப்ட் ஓட்டுங்கள்.

பேக்கேஜோடு வைக்கும் ஸ்கிரிப்ட்டில் கடவுச்சொல் எழுதி வைக்கும் பழக்கம் இன்னும் சாகவில்லை. எல்லாக் கணினியும் படிக்கும் ஷேரில் எழுதினால், யாராவது ஒரு கணினியில் நிர்வாகியான எவரும் படிக்கலாம். குரூப் பாலிசி பிரிஃபரன்ஸில் கடவுச்சொல் வைக்கும் வசதியையே மைக்ரோசாஃப்ட் 2014 மே மாதம் அகற்றியது நினைவிருக்கலாம். சிஸ்வாலில் அது மறையாக்கம் செய்யப்பட்டுத்தான் இருந்தது, ஆனால் திறக்கும் சாவி அவர்களுடைய ஆவணத்திலேயே வெளியாகி இருந்தது.

கே: பழைய சர்வரிலிருந்து புதியதற்கு மாற வேண்டும். எந்த வரிசையில் செய்வது?

டிஎஃப்எஸ் பெயரில் இருந்தால் சுகம். புதிய சர்வருக்கு நகலெடுங்கள், ரோபோகாப்பியில் அனுமதிகளையும் சேர்த்து. நேம்ஸ்பேஸில் ஃபோல்டரின் ரெஃபரல் நேரம் இயல்பாக 1800 விநாடி, அதாவது அரை மணி நேரம் கணினிகள் பழைய விடையை ஞாபகம் வைத்திருக்கும். மாற்றும் நாளுக்கு முன்பே அதைக் குறைத்துவிடுங்கள். புதிய சர்வரை இலக்காகச் சேருங்கள், பழைய இலக்கை முடக்குங்கள், நீக்க வேண்டாம். ஏதாவது தப்பென்றால் ஒரு கிளிக்கில் திரும்பிவிடலாம்.

சர்வர் பெயரிலேயே இருந்தால் முதலில் கணக்கெடுப்பு. எந்தெந்தப் பாலிசி, எந்தெந்த அப்ளிகேஷன், எந்த டாஸ்க் சீக்வென்ஸ் (வரிசையாக ஓடும் இன்ஸ்டால் படிகள்), யாருடைய லாகின் ஸ்கிரிப்ட் பழைய பெயரைச் சொல்கிறது என்று தேடிப் பட்டியல் போடுங்கள். கான்ஃபிகரேஷன் மேனேஜரில் நூறு அப்ளிகேஷனுக்கு மூலப் பாதையை மாற்ற பவர்ஷெல் உதவும், ஆனால் ஒவ்வொரு மாற்றமும் ஒரு புதிய ரிவிஷன், உள்ளடக்கத்தை மறுபடி கிளைகளுக்கு அனுப்பும் சுமையும் கூட வரலாம், எல்லாவற்றையும் ஒரே பகலில் செய்யாதீர்கள். மாற்றும்போதே டிஎஃப்எஸ் பெயருக்கு மாற்றுங்கள். இன்னொரு சர்வர் பெயருக்கு மாற்றினால் அடுத்தவர் உங்களைத் திட்டுவார், பெரும்பாலும் அந்த அடுத்தவர் நீங்களாகவே இருப்பீர்கள்.

கே: பழைய பதிப்புகளை எப்போது அழிக்கலாம்?

அந்தப் பதிப்பு ஒரு கணினியிலும் இல்லை என்று இன்வென்டரி சொன்ன பிறகு. ‘புதியது போய்விட்டது’ என்பது போதாது, மூன்று மாதமாக அலமாரியில் இருக்கும் லேப்டாப் எப்போதும் ஒன்று உண்டு.

சந்தேகம் இருந்தால் உடனே அழிக்காமல் ஃபோல்டரின் பெயரை மாற்றிவிட்டுக் காத்திருங்கள், யார் கத்துகிறார்கள் என்று பார்க்கலாம். கத்தாமல் தெரிந்துகொள்ள வேண்டுமானால் சர்வரில் ஷேர் தணிக்கையை இயக்குங்கள். 5140 என்ற நிகழ்வு யார் எந்த ஷேரைத் தொட்டார்கள் என்று சொல்லும், 5145 எந்தக் கோப்பு என்பது வரை சொல்லும். 5145 மழை மாதிரி கொட்டும், ஒரு வாரத்துக்கு மட்டும் திறந்து வைத்து மூடிவிடுங்கள். லாகில் வரும் கணினிப் பெயர்கள்தான் உங்கள் பட்டியல்.

கே: சர்வரில் எல்லாம் சரி, ஒரு கணினியில் மட்டும் பெரிய பேக்கேஜ் இறங்கவே மாட்டேன் என்கிறது.

கான்ஃபிகரேஷன் மேனேஜர் கிளையன்ட்டா? கேஷ் அளவைப் பாருங்கள். இயல்பில் 5120 எம்பி, இடம் ‘சிசிஎம் கேஷ்’ ஃபோல்டர். ஆறு ஜிபி பேக்கேஜ் ஐந்து ஜிபி இடத்தில் நுழையாது. கிளையன்ட் செட்டிங்ஸில் ஏற்றிவிடுங்கள்.

கே: லினக்ஸ் சர்வர்களுக்கும் இதே ஷேரைப் பயன்படுத்தலாமா?

கோப்பைப் போட்டு வைக்கலாம், ஆனால் அங்கே வழி வேறு. டெபியன் வகைக்கு ஏபிடி களஞ்சியம், ரெட் ஹேட் வகைக்கு டிஎன்எஃப் களஞ்சியம் என்று எச்டிடிபியில் ஒன்று வைத்துவிட்டால் பட்டியல், பதிப்பு, சார்புகள், கையொப்பச் சோதனை எல்லாம் அதோடு வந்துவிடும். பெயர் விஷயம் மட்டும் அங்கேயும் அதேதான். ஒவ்வொரு கணினியின் களஞ்சியப் பட்டியலிலும் ஐபி முகவரியையோ சர்வரின் சொந்தப் பெயரையோ எழுதாமல், டிஎன்எஸ்ஸில் இதற்கென்றே ஒரு பெயர் வைத்து அதை எழுதுங்கள். எச்டிடிபி என்பதால் இங்கே சி-நேம் எந்தத் தகராறும் செய்யாது. எச்டிடிபிஎஸ் என்றால் சான்றிதழில் அந்தப் பெயரும் இருக்க வேண்டும்.